மரை கழன்றவர்கள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சாக்கெட் செட் வாங்கிக்கொண்டு போனேன். சிவப்புப் பெட்டி. திறந்தால் 56 உருப்படிகள் அதனதன் பள்ளத்தில் வரிசையாகப் படுத்திருக்கும். மொட்டைமாடி வெயிலில் பெட்டியைத் திறந்து வைத்துப் படம் எடுத்து, பழைய பைக் வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்பது பேருக்கு அனுப்பினேன். "எவ்ளோ?", "எங்க வாங்குன?", "செம நண்பா" என்று பதில்கள். ஒருவன் பதிலுக்குத் தன் புது சைலன்சரை அனுப்பினான். இன்னொருவன் டார்க் ரென்ச். அதை அவன் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் உறையே பிரிக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம்.

நான் செட் வாங்கியது அப்பாவின் புல்லட்டுக்காக. 1960களின் கடைசியில் திருவொற்றியூரில் செய்த வண்டி. 1979இல் அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கினார். அவருக்கு முழங்கால் போனதில் இருந்து, பத்து வருடமாக அது மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. அதை எழுப்பி ஓட்டுவது என் திட்டம்.

முதல் நட்டிலேயே திட்டம் நின்றுபோனது. 13 சைஸ் நுழையவில்லை. 14 போட்டால் லொடலொட என்றது. 56 உருப்படி வைத்திருப்பவனுக்கு உள்ள தைரியத்தில் 14ஐப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். சர்ரென்று வழுக்கியது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கி, கிட்டத்தட்ட வட்டமாகிவிட்டது.

அப்பாவின் பழைய மெக்கானிக் வந்து பார்த்தார். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருப்பவர்.

"இது இங்கிலீசு சைசுங் தம்பி. உங்க பொட்டீல இது இருக்காது."

"56 பீஸ் இருக்குதுங்ணா."

"இருக்கட்டுங். இந்த நட்டுக்கு ஆகறது ஒண்ணு இருக்குதா?"

எண்ணெய்க் கறுப்பு ஏறிய தகர டப்பாவில் இருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அதில் 1/4 டபிள்யூ என்று பொறித்திருந்தது. அதன் வாயை வெர்னியரில் அளந்து பார்த்தேன். 13.3 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்றால் 6.35 அல்லவா இருக்க வேண்டும்? பொறியியல் படித்தவனுக்கு இது ஒரு மானப் பிரச்சினை. அந்த 13.3க்குப் பதில் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

நம் ஊரில் ஒருவனைப் பைத்தியம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் மரியாதையான வழி ஒன்று இருக்கிறது: "அவனுக்கு மரை கழண்டுருச்சு." சம்பளத்தில் பாதியைப் பழைய வண்டியின் பாகங்களில் போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் பட்டமும் அதுதான். இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்பது மரையின் வரலாற்றைப் படித்தபிறகுதான் தெரிந்தது.

18ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஒரு திருகுக்கு ஒரு நட்டுதான் துணை. பட்டறைக்காரர் கையால் மரை வெட்டி, அந்தந்த நட்டை அந்தந்தப் போல்ட்டுக்குச் சரிசெய்து அடையாளம் போட்டு வைப்பார். ஜோடி மாறினால் ஏறாது. இயந்திரத்தில் ஒன்று உடைந்தால் அதைச் செய்தவரிடமே திரும்பிப் போக வேண்டும். ஸ்பேர் பார்ட் என்ற ஒன்றே அப்போது கிடையாது. கடையில் போய் வாங்க முடியாது, வாங்க முடியாததால் வாங்கியதைக் காட்டவும் முடியாது.

1785இல் பாரிஸில் ஒரு சிறிய காட்சி நடந்தது. ஒனோரே பிளாங் என்ற துப்பாக்கித் தொழிலாளர், மஸ்கட் துப்பாக்கியின் சுடும் விசையை ஒரே அளவில் செய்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். 50 விசைகளைப் பிரித்து, பாகங்களை வகைவாரியாக அறைகளில் பரப்பி வைத்தார். பார்க்க வந்தவர் அப்போது பிரான்ஸுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். கைக்கு வந்த பாகங்களை எடுத்து அவரே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. அந்த வியப்பை ஜான் ஜேவுக்குக் கடிதமாக எழுதினார். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பாகங்களைப் பரப்பி வைத்து, ஒருவருக்குக் காட்டி, அவர் இன்னொருவருக்கு எழுதிச் சொல்கிறார். மொட்டைமாடியில் நான் செய்ததும் இதேதான். ஒரு வித்தியாசம்: ஜெஃபர்சன் பூட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்.

அடுத்து வந்தவர் ஜோசப் விட்வொர்த். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பழகி, பிறகு மான்செஸ்டரில் தொழில் தொடங்கியவர். இங்கிலாந்தின் பல பட்டறைகளில் இருந்து திருகுகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றிலும் மரையின் கோணம் வேறு, நெருக்கம் வேறு. அவற்றை ஒப்பிட்டு ஒரு நடு அளவைப் பிடித்து, 1841இல் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இன்னின்ன தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை. உலகின் முதல் தேசிய அளவிலான திருகு அளவுமுறை இதுதான் என்று சொல்வார்கள். ஸ்பேனரில் இருந்த டபிள்யூ அவர் பெயரின் முதல் எழுத்து. கால் அங்குலம் என்பது ஸ்பேனர் வாயின் அளவே இல்லை, அது பிடிக்கப்போகும் போல்ட்டின் தண்டு அளவு. கால் அங்குலத் தண்டுக்கு விட்வொர்த் முறையில் தலையின் அகலம் 13.3 மில்லிமீட்டர். என் மானம் ஒருவழியாகத் தப்பியது.

ஆனால் 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் எழுந்து, 55 டிகிரியை வெட்டுவது கஷ்டம், 60 டிகிரி வைத்துக்கொள்ளலாம் என்றார். அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் மெட்ரிக் நாடுகள் தனி வழி போயின. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மரை.

பொருந்தாமல் போவதற்கு என்ன விலை என்பதற்கு ஒரு தேதி உண்டு. 1904 பிப்ரவரி 7. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. வாஷிங்டனில் இருந்தும் பிலடெல்பியாவில் இருந்தும் தீயணைப்பு வண்டிகள் ரயிலில் வந்து இறங்கின. ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்கள் பல பால்டிமோரின் தெருக்குழாயில் ஏறவில்லை, மரை வேறு. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின.

*

நான்கு வருடம் கழித்து, 1908இல், இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் இன்னொரு காட்சி. அமெரிக்காவின் காடிலாக் கார்கள் மூன்றை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் கடைசித் திருகுவரை பிரித்தார்கள். எல்லாப் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துத் தூக்கிப்போட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக விற்பனையாளரின் கையிருப்பில் இருந்து அதே எண்ணுள்ள பாகங்களைப் போட்டார்கள். பிறகு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்து மூன்று கார்களையும் பூட்டினார்கள். அரம் போட்டு ராவக் கூடாது என்பது நிபந்தனை. மூன்று காரும் கிளம்பி 500 மைல் ஓடின. வண்ணங்கள் கலந்து, ஒரு காரின் பாகம் இன்னொரு காரில் இருந்தது. காடிலாக்குக்கு டியூவர் கோப்பை கிடைத்தது. ராவிப் பொருத்துவதையே கைத்திறனின் உச்சம் என்று நினைத்த அன்றைய இங்கிலாந்துக்கு இது நல்ல அடி.

அதே 1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி விற்பனைக்கு வந்தது. 1927வரை 1.5 கோடிக் கார்கள். 1925இல் அதன் மலிவான வகை 260 டாலருக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்றால், இல்லாததெல்லாம் இல்லாமல் வந்தது. டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் கிடையாது. சீட்டைத் தூக்கி ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்ப் கிடையாது. பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும், அதனால் டேங்க் காலியாக இருக்கும்போது செங்குத்தான மேட்டை ரிவர்ஸில்தான் ஏற முடியும்.

இந்தக் குறைகள்தான் ஒரு புதிய மனிதனை உண்டாக்கின. காரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் இருந்தே அதற்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிறவன். சியர்ஸ் ரோபக் அஞ்சல் வணிகப் பட்டியலின் பக்கங்களில் மாடல் டிக்கான பாகங்கள் குவிந்தன. விவசாயிகள் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். டிராக்டராக மாற்றும் கிட் விற்றது. சூதாட்டம் போல இன்னொரு சந்தை, வேகம். லூயி செவ்ரோலே தன் பெயரில் இருந்த நிறுவனத்தை விட்டு வெளியேறியபிறகு, தம்பியோடு சேர்ந்து ஃப்ரான்டனாக் என்ற பெயரில் ஃபோர்டு என்ஜினுக்கு சிலிண்டர் ஹெட் செய்து விற்றார். ஆமாம், செவ்ரோலே ஃபோர்டுக்குப் பாகம் விற்றார். அந்த ஹெட் மாட்டிய மாடல் டி ஒன்று 1923 இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்ற ஊரில் ஜார்ஜ் வைட் ஒரு பாகக் கடை திறந்தார். வேகப் பாகங்களுக்கான முதல் கடைகளில் ஒன்று அது. பிற்காலத்தில் பெல் ஹெல்மெட் பிறந்த கடையும் அதுதான்.

*

1930களின் கலிபோர்னியா. பொருளாதாரப் பெருமந்தம். கையில் காசில்லாத, பள்ளியை முடித்தும் முடிக்காத பையன்கள். பழைய ஃபோர்டை உடைசல் கிடங்கில் இருந்து சில டாலருக்கு வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். மியூராக் என்ற ஏரி அவர்களுக்குக் கோயில் மாதிரி. இன்று அங்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இருக்கிறது. 1932இல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் கொண்ட வி8 என்ஜினைச் சாமானியர்களின் காரில் வைத்துவிட்டார். அதுவரை பணக்காரர்களின் வண்டிக்கு மட்டுமே உரிய எட்டு சிலிண்டர். சில வருடங்களில் விபத்தில் அடிபட்ட ஃபோர்டுகள் கிடங்குக்கு வர ஆரம்பித்தன, வி8 பையன்கள் கையில் சிக்கியது.

இங்கேதான் எங்கள் கூட்டத்தின் ஆதி அறிவு பிறந்தது. அதை ஒரே கேள்வியில் சொல்லிவிடலாம்: எது எதில் பொருந்தும்?

1939 ஃபோர்டின் ஹைட்ராலிக் பிரேக்கை 1932 ஃபோர்டில் மாட்டலாம். லிங்கன் ஸெஃபயரின் கியர் பற்சக்கரங்கள் ஃபோர்டின் கியர்பாக்ஸுக்குள் போகும். 1949க்குப் பிறகு வந்த மெர்க்குரியின் கிராங்க் ஷாஃப்ட் பழைய ஃபோர்டு பிளாக்கில் உட்காரும், ஸ்ட்ரோக் நீளும், பலம் கூடும். இவற்றில் எதையும் ஃபோர்டு கம்பெனி தன் கையேட்டில் எழுதவில்லை. எழுதும் அவசியமும் அதற்கு இல்லை. 1932 கார் வைத்திருப்பவன் புதுக் கார் வாங்க வேண்டும் என்றுதானே கம்பெனி நினைக்கும். இந்த அறிவு முழுக்க, ஒருவன் ஏதோ ஒரு பாகத்தைக் காசு கொடுத்து வாங்கி, மாட்டிப் பார்த்து, மாட்டியது என்று நாலு பேருக்குக் காட்டியதால் வந்தது. மாட்டாமல் போனதையும் சொன்னதால் வந்தது. ஒருவன் வாங்கியதைக் காட்டுவது அங்கே பெருமை மட்டும் இல்லை, சாட்சியமும்கூட. "நான் காசைப் போட்டுப் பார்த்துவிட்டேன், நீ பயப்படாமல் வாங்கு" என்று அர்த்தம்.

இந்தக் கூட்டத்தில் இருந்தே வியாபாரிகள் முளைத்தார்கள். விக் எடல்பிராக் கான்சஸில் இருந்து வந்து லாஸ் ஏஞ்சலிஸில் ரிப்பேர் கடை வைத்தவர். தன் 1932 ஃபோர்டுக்காக ஒரு இன்டேக் மேனிஃபோல்டு செய்தார். ஏரியில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று கேட்டார்கள். 1946இல் அவருடைய முதல் விற்பனைப் பட்டியல் வந்தது. போர் முடிந்து விமானப் பாகங்கள் அடிமாட்டு விலைக்கு வந்த காலம் அது. அந்த வருடமே பில் பர்க் என்பவர், போர் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் கூடுதல் எரிபொருள் டேங்க்கை வாங்கி, அதற்குள் ஃபோர்டு என்ஜினை வைத்து, சக்கரம் பூட்டி ஏரியில் ஓட்டினார். கண்ணீர்த்துளி வடிவில் தரையில் பறக்கும் ஒரு டேங்க். இதைவிட மரை கழன்ற காரியம் இருக்க முடியாது. ஆனால் அந்த வடிவம் காற்றை எவ்வளவு சுலபமாகப் பிளக்கிறது என்று எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேவும் 'ஹாட் ராட்' பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். விலை 25 சென்ட். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த வண்டிக் கண்காட்சியின் வாசலில் நின்று விற்றார்கள். வாய்வழியாகப் போய்க்கொண்டிருந்த "எது எதில் பொருந்தும்" அறிவு அச்சுக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கூடி, ஒரே மரை அளவுக்கு ஒப்பந்தம் போட்டன. இரண்டு உலகப் போர்களில் ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாமல் பட்ட பாடு போதும் என்று. செல்லர்ஸின் 60 டிகிரி வென்றது. அரசாங்கங்கள் மேலிருந்து செய்ததையும் பையன்கள் கீழிருந்து செய்ததையும் ஒரே வேலையாகத்தான் நான் பார்க்கிறேன். பொருந்துவது என்பதைப் பொதுச்சொத்து ஆக்குவது.

சும்மா சொல்லக்கூடாது, சரிவும் இங்கேயே தொடங்கியது. பத்திரிகை என்றால் விளம்பரம். மின்னுகிற குரோம் வால்வ் கவர் மாட்டினால் கார் ஒரு மைல்கூட வேகமாகப் போகாது. ஆனால் படத்தில் அழகாக இருக்கும். 1963இல் வேகப் பாகத் தயாரிப்பாளர்கள் செமா என்ற சங்கம் வைத்தார்கள். அப்போது அதன் பெயரில் வேகம் என்ற சொல் இருந்தது. பிற்பாடு அதை எடுத்துவிட்டுச் சிறப்புச் சாதனங்கள் என்று மாற்றிக்கொண்டார்கள். மாட்டுவதற்காக வாங்கியவர்களோடு வாங்குவதற்காகவே வாங்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உறை பிரிக்காத டார்க் ரென்ச்சின் வம்சம் அது. யாரைக் குறை சொல்ல? நானும் அந்த வம்சம்தான்.

*

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். எங்கள் கொங்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். 1893இல் கோயம்புத்தூர் அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு. சின்ன வயதில் ஒரு பிரிட்டிஷ் வருவாய் அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூரில் ஓட்டல் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார் என்பது அவர் வாழ்க்கையில் எல்லோரும் சொல்லும் கதை. கதையின் முக்கியமான பகுதி அடுத்து வருவது. வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டார், திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொடங்கினார். பிறகு அவர் மோட்டார் செய்ததும் கோயம்புத்தூர் மோட்டார் ஊரானதும் எல்லோருக்கும் தெரியும்.

புல்லட்டுக்கு வருகிறேன். 1950களின் முதல் பாதியில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இருந்து 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலை மட்டும். பிறகு வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் கப்பலில் வந்தன, 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே. ரெடிட்ச் தொழிற்சாலை கொஞ்ச வருடத்தில் மூடிக்கொண்டது. திருவொற்றியூர் மட்டும் அதே வண்டியை, சின்னச் சின்ன மாற்றங்களோடு, 2000த்துக்குப் பிறகும் விடாமல் செய்துகொண்டே இருந்தது. வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், கிக்கர் அடிப்பதற்கு முன் ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்கும் சடங்கு, எல்லாம் அப்படியே. 1977இல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே திரும்ப ஏற்றுமதி ஆனது.

போட்டி இல்லாத, இறக்குமதிக்குப் பூட்டுப் போட்ட காலத்தில் பிறந்த சோம்பல் இது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் பாகம் தேடுகிறவன் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். அரை நூற்றாண்டு மாறாத வண்டி என்றால், அரை நூற்றாண்டுப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும் என்று அர்த்தம். பிரிட்டனில் 1950களின் புல்லட்டைப் புதுப்பிக்கிறவர்கள் மெட்ராஸில் வார்த்த பாகங்களை வாங்கினார்கள். விட்வொர்த் கொடுத்த மரை திருவொற்றியூரில் இருந்து அவர் நாட்டுக்கே போனது.

நம்மூரில் இதற்கெல்லாம் பட்டியலும் கிடையாது, பத்திரிகையும் கிடையாது. புதுசு வேண்டும் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழசு வேண்டும் என்றால் எழும்பூர் பக்கம், கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை. முழு வண்டி உள்ளே போனால் அரை மணியில் பாகமாக வெளியே வரும் என்று சென்னைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நான் முதல்முறை போனபோது ஒரு கடையில் கிளட்ச் பிளேட் கேட்டேன். கடைக்காரர் எடுத்துத் தரவில்லை. "எந்த வருச வண்டி? எஞ்சின் நம்பர் என்னா? ஏற்கெனவே வேற எதுனா மாத்திக்கீறியா?" என்று பத்துக் கேள்வி. பதில் தெரியாமல் விழித்ததும், "போய்ப் பாத்துட்டு வா நைனா, துட்ட வேஸ்ட் பண்ணாத" என்றார். விற்க வந்தவன் விற்க மறுத்தான். அந்த மறுப்புக்குப் பின்னால் மனப்பாடமாகவே ஒரு பட்டியல் இருந்தது. அது எந்தக் கணினியிலும் இல்லை.

*

இதுவரை எழுதியதில் நான் நல்லவனாகவே வந்துகொண்டிருக்கிறேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், ஒரு இயந்திரத்துக்கான மென்பொருளில் எனக்கு ஒரு சின்ன வேலை வந்தது. இயந்திரம் கிளம்பும்போது உள்ளே இருக்கும் பாகத்தின் அடையாள எண்ணைக் கேட்க வேண்டும். எண் நிறுவனத்தின் பட்டியலில் இருந்தால் ஓடலாம். இல்லாவிட்டால் பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும். 40 வரிகூட வராது. இரண்டு நாளில் எழுதினேன், சோதனை எல்லாம் பச்சை. ஸ்பிரின்ட் முடிவில் பாராட்டுகூடக் கிடைத்தது. போலிப் பாகத்தால் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பேட்டரி விஷயத்தில் அது நியாயமான கேள்விதான், அதை இன்றும் நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் எழுதிய சோதனை, பாகம் போலியா என்று பார்க்கவில்லை. இன்னொரு இயந்திரத்தில் இருந்து கழற்றிய அசல் பாகத்தையும் அது ஏற்காது.

அப்போது எனக்கு அது உறுத்தவில்லை. பிளாங்கின் மேசையைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. 50 விசைகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறலாம் என்று காட்ட ஒரு மனிதன் வாழ்க்கையைச் செலவழித்தான். புரூக்லண்ட்ஸில் மூன்று கார்களைக் கலந்துபோட்டுக் காட்டினார்கள். நான் 40 வரியில் அதைத் திருப்பிப் போட்டேன். மரை பொருந்தும், அளவு பொருந்தும், கனெக்டர் பொருந்தும், ஆனாலும் ஓடாது. ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு என்ற பழைய காலத்துக்கு, அதைச் செய்தவனிடமே திரும்பிப் போகும் காலத்துக்கு, ஒரு கதவைத் திறந்துவிட்டேன். இந்த உலகத்தில் புதுப்பேட்டைக்காரரின் மனப்பாடத்துக்கு மதிப்பில்லை. "இது அதில் மாட்டும்" என்று சொல்ல யாருக்கும் எதுவும் இருக்காது. மிச்சம் இருப்பது வாங்குவது மட்டும், வாங்கியதைப் படம் எடுப்பது மட்டும்.

எதிர்ப்பும் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், காரைச் சொந்தக்காரரும் தனிப்பட்ட மெக்கானிக்கும் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று வாக்கெடுப்பு நடந்தது. 85 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு தளத்தைத் தொடங்கியது. இவை ஆரம்பம்தான். விட்வொர்த் அறிவித்தபிறகும் மூன்று நாடுகள் ஒரு மரைக்கு வர 107 வருடம் ஆனது.

*

மழுங்கிய நட்டைக் கழற்ற மெக்கானிக் அண்ணனுக்கு அரை மணி ஆனது. அரம் போட்டு இரண்டு பக்கம் தட்டையாக்கி, சூடு காட்டி, பைப் ரென்ச்சில் திருப்பினார். அப்பா கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நட்டு போனாப் போவுது, அளவு தெரிஞ்சுச்சல்ல" என்றார்.

போகும்போது அண்ணன் என் சிவப்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "நல்ல சாமானுங் தம்பி. வாங்குனதெல்லாம் சரிங். ஒண்ணாவது உபயோகப்படுத்துனீங்ளா?" கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அடுத்த மாதம் புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து மூன்று பழைய விட்வொர்த் ஸ்பேனர்கள் வாங்கினேன். துருப்பிடித்தவை. நண்பர்களுக்கு அனுப்பும்போது படம் மட்டும் அனுப்பவில்லை. ஒவ்வொரு ஸ்பேனரையும் வண்டியில் போட்டுப் பார்த்து, 3/16 டபிள்யூ, வாய் 11.3, எந்த நட்டில் ஏறியது, எதில் ஏறவில்லை என்று ஒரு பட்டியல் எழுதினேன். 14 சைஸ் போட்டு நான் கெடுத்த நட்டையும் படம் எடுத்து, இப்படிச் செய்யாதீர்கள் என்று போட்டேன். "எவ்ளோ?" என்று ஒருவனும் கேட்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு டார்க் ரென்ச்காரன் கூப்பிட்டான். அவனிடமும் 1970க்கு முந்திய வண்டி ஒன்று இருக்கிறது.

"டேய், அந்த 11.3 எந்தப் பக்கத்து நட்டு? இரு, டார்ச் எடுத்துட்டு வண்டிகிட்டப் போறேன்."

போனில் அவன் படி இறங்கும் சத்தம் கேட்டது.